பீகிங்கில் நின்ற முள்

பழுதுக்கு வந்த ரேடியோவின் பின்மூடியைக் கழற்றுவதற்கு முன்னால் அதன் முகத்தைப் பாருங்கள். முள் எந்த ஸ்டேஷனில் நிற்கிறது என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் பழைய இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்திக் கொடுங்கள். எங்கே நின்றது என்பதை யாரிடமும் சொல்லாதீர்கள்.

என் முதலாளி வாய் திறந்து எனக்குச் சொன்ன விதி இது ஒன்றுதான். மற்றதெல்லாம் நான் பார்த்துக் கற்றுக்கொண்டது. இந்த ஒரு விதியில் நான் ஒரு முறை தவறினேன். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

சங்கத்து ஆண்டு விழாவில் இளைய மெக்கானிக்குகளுக்கு நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். நாலு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன் என்று தப்பித்துக்கொண்டேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. கண்ணில் புரை விழுந்ததால் ஐம்பதுக்கு முன்பே தொழிலை விட்டவன். பற்றவைப்பதும் அளந்து பார்ப்பதும் உங்களுக்கு என்னைவிட நன்றாக வரும். அதனால் வாயைப் பற்றி எழுதுகிறேன்.

அறுபதுகளில் காரைக்குடியில் எங்கள் கடை செக்காலைப் பக்கம் இருந்தது. சுற்றியுள்ள ஊர்களில் பெரிய வீடுகளில் இருந்த ரேடியோக்கள் பலவும் ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் கப்பலில் வந்தவை. சிற்றலை நன்றாக எடுக்கும். கொழும்பு கேட்கும், சிங்கப்பூர் கேட்கும், லண்டன் கேட்கும். அறுபத்திரண்டில் சீனச் சண்டை நடந்த மாதத்தில் கடைக்கு வந்த எல்லா ரேடியோவிலும் முள் டெல்லிச் செய்தியில்தான் நின்றது. ஊரே ஒரே பக்கம் காதை வைத்திருந்தது.

அடுத்த வருஷம் பீகிங்கிலிருந்து தமிழில் ஒலிபரப்பு தொடங்கினார்கள். ஒரு நாள் விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு செட்டைச் சோதித்துக்கொண்டிருந்தேன். ஒரு குரல் சுத்தத் தமிழில் வணக்கம் சொன்னது. புதுச் செருப்பு போட்டு நடப்பவரைப் போல ஒவ்வொரு சொல்லையும் அளந்து வைத்தது. எங்கிருந்து என்று தெரிந்ததும் சத்தத்தைக் குறைத்தேன். முதலாளி நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: “ஏன் குறைக்கிற? சத்தம் தெளிவா வருதான்னு பாரு. அவன் என்ன சொல்றான்ங்கிறது ஒன் வேலை இல்லை.”

பீகிங் விழும் அந்த இடத்தில் எப்போதும் முள் நிற்கிற ரேடியோ ஒன்று எங்களிடம் வரும். அது பள்ளத்தூரில் சரித்திரம் கற்பித்த சவரிமுத்து சாருடையது. பழைய செட், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மூச்சு விட மறுக்கும். சார் அதைத் துண்டில் கட்டி மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவருவார். நான் வேலை செய்யும்போது ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார். கேட்காமலே பேசுவார். பதில் சொல்லத் தேவையில்லாத ஆளோடு பேசுவது அவருக்கும் வசதி, எனக்கும் வசதி.

ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டுவிட்டேன். “சார், அதை எதுக்குக் கேக்குறீக?”

“டெல்லி ஒண்ணு சொல்லும், லண்டன் ஒண்ணு சொல்லும், இவன் ஒண்ணு சொல்வான்” என்றார். “மூணையும் நோட்டுல பக்கத்துப் பக்கத்துல எழுதுவேன். எவன் என்ன சொன்னான்ங்கிறது பாதிச் செய்திதான். எதைச் சொல்லாம விட்டான்ங்கிறது மீதிப் பாதி.”

அறுபத்திநாலு அக்டோபரில் சீனா அணுகுண்டு வெடித்த அதே வாரத்தில் மாஸ்கோவில் தலைவரை மாற்றிவிட்டார்கள். எங்கள் கடைக்கு அடுத்த டீக்கடைக் கருப்பையா கையில் கிளாஸோடு வந்து நின்றான். “ரஷ்யாவும் சீனாவும் ஒரே கட்சிதானே சார். இனி ரெண்டு பேரும் சேந்து நம்மளை மெதிக்கப் போறாக.”

“சேர மாட்டாக” என்றார் சார். “பீகிங் தமிழை ஒரு வாரம் கேளு. அமெரிக்காவைத் திட்டுறதுக்குச் சமமா ரஷ்யாவைத் திட்டுறான். ஒரே வளவு வீட்டுக்குள்ள இருந்த அண்ணன் தம்பி கெணத்துக்குக் குறுக்க சுவர் எழுப்பியாச்சு.”

“அப்ப அவனுக்கு யாருதான் தொணை?”

“அதான் கேள்வி. ரெண்டு பெரிய ஆளையும் பகைச்சுக்கிட்டு ஒரு நாடு எத்தனை வருஷம் இருக்க முடியும்? ஒரு பக்கம் கதவைத் தெறந்துதான் ஆகணும். ஒரு நாள் அமெரிக்காக்காரன் தானா பீகிங்குக்குப் போவான். எழுதி வச்சிருக்கேன்.”

“போயி? பட்டு வாங்கவா?” என்று கருப்பையா கேட்டான். எனக்கும் சிரிப்பு வந்தது.

அதற்குப் பிறகு காலம் இறுகியது. சீனாப் பக்கம் சாய்கிறவர்கள் என்று சொல்லி பொதுவுடைமைக் கட்சியின் ஒரு பிரிவினரைப் பல ஊர்களில் பிடித்து உள்ளே வைத்தார்கள். பீகிங் கேட்பது குற்றமா இல்லையா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஒரு வாத்தியார் கேட்கிறார் என்று தெரிந்தால் அவர் வேலை நிலைக்காது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். சாருக்கு மூன்று பெண்பிள்ளைகள், அந்தச் சம்பளம்தான் குடும்பம்.

அறுபத்தைந்து செப்டம்பரில் பாகிஸ்தானோடு சண்டை நடந்துகொண்டிருந்தபோது சீனா குறுக்கே வந்தது. சிக்கிம் எல்லையில் இந்தியா கட்டியிருப்பவற்றை மூன்று நாளில் இடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நடப்பதற்கு நீங்களே பொறுப்பு என்று கெடு வைத்தது. அந்தக் கெடுவின் இரண்டாம் நாள் சாயங்காலம், சரியாகப் பீகிங் தமிழ் தொடங்கும் நேரத்தில், ஒருவர் கடைக்குள் வந்தார். வேட்டி சட்டைதான். ஆனால் காலில் போலீஸ் பூட்ஸ். முதலாளி வால்வு வாங்க மெட்ராஸ் போயிருந்தார். நான் ஒருவன்தான்.

“இந்தக் கடையில சீனாக்காரன் குரல் கேக்குதுன்னு பெட்டிஷன் வந்துகீது” என்றார். வேலூர்ப் பக்கத்துப் பேச்சு. மாற்றலாகி வந்து சில நாள்தான் இருக்கும். மேஜையிலிருந்த வேலை நோட்டை எடுத்துப் புரட்டினார். ஓரிடத்தில் கண் நிலைத்தது. சத்தமாகப் படித்தார்.

“சீனா. இரைச்சல் அதிகம். செவ்வாய்க்குள் தயார்.” என்னை நிமிர்ந்து பார்த்தார். “செவ்வாய்க்குள்ள இன்னாய்யா தயாரு?”

வாசலில் நின்ற கருப்பையா சும்மா இருக்கவில்லை. “அவன் மூணு நாளுதான் கெடு வச்சான். அண்ணன் ஒண்ணு ரெண்டு நாள் கூடவே குடுத்திருக்காக.”

“நீ யாருய்யா?”

“டீங்கய்யா. கொண்டாரவா?”

நான் மெல்ல ஆரம்பித்தேன். “அய்யா, இங்குட்டு செட்டியார் வீடுகளை வெலாசம்ங்கிற முன்னெழுத்தை வச்சுத்தான் சொல்றது. அதை நீட்டிச் சொல்வாக. சி-ன்னா சீனா, வெ-ன்னா வேனா. சி.வெ. வீடு, சீனா வேனா வீடு. சுருக்கிச் சீனா வீடும்பாக. நேமத்தான்பட்டியில இருக்கு. ஆச்சி ரேடியோவுல இரைச்சல்னு குடுத்திருக்காக.”

அவர் நோட்டை மறுபடி பார்த்தார். “அப்போ ரஷ்யா வீடு கீதா?”

“ரானா வீடு இருக்குங்கய்யா. ரெண்டு தெரு தள்ளி.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நோட்டை மூடி மேஜையில் போட்டார். போவதற்குத் திரும்பினார். அத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

ஆனால், தம்பிகளே, முன்பின் தெரியாத ஒரு அதிகாரியிடம் நான் அவ்வளவு நேரம் தடுமாறாமல் பேசியது அதுதான் முதல் தடவை. அவரைச் சிரிக்கவும் வைத்துவிட்டேன். எனக்குள் ஒரு பெருமை ஏறிவிட்டது. ஆச்சியின் மேல் துளிச் சந்தேகம்கூட இருக்கக்கூடாது என்று இன்னும் ஒரு வார்த்தை சேர்த்தேன்.

“அந்த ஆச்சி கொழும்பு மட்டும்தான்யா கேப்பாக. பீகிங் கேக்குறது அவுக இல்லீங்க.”

அவர் வாசற்படியில் நின்றார். திரும்பினார். சிரிப்பு போய்விட்டது.

“பின்னே யாரு?”

பதிலுக்குக் காத்திராமல் அவர் திரும்ப உள்ளே வந்து அலமாரியிலும் மேஜையிலும் இருந்த செட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மேஜையில் என் கைக்கு அருகில் இருந்தது சவரிமுத்து சாரின் ரேடியோ. அதில் கட்டிய அட்டையில் அவர் பெயரும் ஊரும் எழுதியிருந்தன. அன்று காலைதான் சரிசெய்து, விதிப்படி முள்ளைப் பழைய இடத்தில் நிறுத்தி வைத்திருந்தேன். அதிகாரியின் கை அதன் குமிழுக்குப் போனது. ‘டக்’ என்று திருப்பினார்.

வால்வு ரேடியோ உடனே பேசாது, சூடாக அரை நிமிஷம் ஆகும். தொழிலில் நான் பார்த்த நேரங்களில் மிக நீளமானது அந்த அரை நிமிஷம்தான். ஒயரைப் பிடுங்கலாமா என்று நினைத்தேன். முள்ளைத் தள்ளிவிடலாமா என்று நினைத்தேன். இரண்டையும் அவர் பார்த்துக்கொண்டிருப்பார். யாரையோ காப்பாற்றுகிறேன் என்று என் கையே காட்டிக்கொடுக்கும். செட்டு பேசிய பிறகு நான் சொல்வது சமாதானமாகத்தான் இருக்கும். பேசுவதற்கு முன்னால் சொன்னால் ஒருவேளை எடுபடலாம்.

“அய்யா, அதுல பீகிங்தான் வரும். முள்ளை அங்கன வச்சது நான்” என்றேன்.

சொல்லி முடிக்கவும் குரல் வரவும் சரியாக இருந்தது.

“எதுக்கு வச்சே?”

“இந்த நேரத்துக்குச் சிற்றலையில தெளிவா விழுறது அதுதான்யா. அதை வச்சுத்தான் செட்டு சரியாச்சான்னு பாப்போம். பெட்டிஷன் போட்டவுகளுக்குக் கேட்டதும் அந்தச் சத்தந்தான்.”

அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. தொழில் தெரிந்த எவரைக் கேட்டாலும் நான் சொன்னது சரி என்பார்கள். அட்டையில் இருந்த பெயரை மறைக்க முடியாது. முள் அங்கே நின்ற பழியை மட்டும் என் தலையில் ஏற்றிக்கொள்ள முடியும். அதைச் செய்தேன்.

அவர் சாரின் பெயரையும் ஊரையும் எழுதிக்கொண்டார். செட்டைத் தூக்கிக்கொண்டார். நாளை இதே நேரத்துக்குப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து நீயே போட்டுக் காட்டு என்றார்.

மறுநாள் போனேன். அந்த அதிகாரி, ஒரு ஏட்டு, இரண்டு காவலர்கள் இருந்தார்கள். மேஜை நடுவில் சாரின் ரேடியோ. போட்டேன். பீகிங் குரல் கெடுவை இன்னும் மூன்று நாள் நீட்டியிருப்பதாகச் சொன்னது. இந்தியாவை ஏகத்துக்கு மிரட்டியது. ஏட்டின் தம்பி ராணுவத்தில் இருந்தான், அந்த எல்லையில்தான். அவர் முகம் வெளுத்திருந்தது. ரேடியோ சரிசெய்கிறவனுக்கு உலகமும் தெரிந்திருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, என்னிடம் கேட்டார்.

“வந்துருவானாய்யா?”

சார் பழக்கிய காது எனக்கு இருந்தது. வாய் தானாகத் திறந்துவிட்டது. “வர மாட்டான்னுதான் தோணுதுங்கய்யா. மொதல்ல மூணு நாளுன்னான். சொன்ன நாள் வந்ததும் நீட்டுறான். அடிக்கப்போறவன் கெடுவை நீட்ட மாட்டான். பாகிஸ்தானுக்குத் தோள் குடுத்த மாதிரி இருக்கணும், கையும் நீட்டக் கூடாது. அதுக்குத்தான் இவ்வளவு சத்தம்.”

ஏட்டு பெருமூச்சு விட்டார். அதிகாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரொம்ப மெதுவாகக் கேட்டார்: “ஷோக்கா சொல்றியே. இந்தப் பாடம் உனக்கு யாரு சொல்லிக்குடுத்தது?”

அதே பள்ளத்தில் இரண்டாம் முறை விழுந்திருந்தேன். ஐந்தாம் வகுப்பு மெக்கானிக்கின் வாயில் ஒரு சரித்திர வாத்தியாரின் பேச்சு. வாத்தியாரின் ரேடியோ அவர் மேஜையிலேயே இருக்கிறது. யார் என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது.

‘யாரும் இல்லை’ என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்தது. ‘இல்லை’ என்று நேற்று சொல்லித்தான் இன்று இங்கே உட்கார்ந்திருக்கிறேன். அதை விழுங்கினேன்.

“நாள் பூரா பத்து ஸ்டேஷன் போட்டுப் பாக்குறவன்யா நான். காது சும்மா இருக்குமா?” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். நீ போகலாம், செட்டு இருக்கட்டும் என்றார்.

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, பரவாயில்லையே, சமாளித்துவிட்டாரே என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் பெரிய தவறு இனிமேல்தான் வருகிறது.

மறுநாள் காலையில் நான் பள்ளத்தூர் பஸ்ஸைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. சாரின் வீட்டில் போய் நின்று, உங்கள் பெயர் போலீஸ் நோட்டில் ஏறிவிட்டது, என் வாயால்தான் ஏறியது என்று எப்படிச் சொல்வது? எனக்குக் கூச்சமாக இருந்தது. செட்டு கைக்கு வரட்டும், அதையும் கொடுத்து விஷயத்தையும் சொல்லிவிடலாம் என்று எனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டேன். மூன்று நாள் ஓடின. இந்தியா கட்டியவற்றைத் தானே இடித்துக்கொண்டு ஓடிவிட்டது என்று பீகிங்கே அறிவித்து விஷயத்தை முடித்துக்கொண்டது. பாகிஸ்தான் சண்டையும் நின்றது. ஏட்டு ஆளனுப்பி ரேடியோவை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். “அய்யா பைலை மூடிட்டாரு” என்றார்.

அன்று பிற்பகலே பஸ் ஏறினேன். சாரின் வீட்டில் அவர் மனைவி கதவைத் திறந்தார். என் கையில் ரேடியோவைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லாமல் கொல்லைப் பக்கம் கை காட்டினார். வெந்நீர் அடுப்புக்கு முன்னால் சார் ஒரு மணைப்பலகையில் உட்கார்ந்திருந்தார். அடுப்பில் பானை இல்லை. காகிதச் சாம்பல் மட்டும் இருந்தது.

“பயப்படாதீக சார். பைலை மூடிட்டாக. முள்ளை நான்தான் வச்சேன்னு சொல்லிட்டேன். ஒங்க மேல ஒண்ணும் வரலை” என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் அடுப்பையே பார்த்தார். “எப்ப மூடுனாக?”

“இன்னைக்குக் காலையில சொன்னாக. ஆனா என்னை விட்டது ஞாயித்துக்கெழமை.”

“நாலு நாளா தெரியுமா ஒனக்கு?”

நான் ரேடியோவைக் கீழே வைத்தேன்.

“திங்கக்கெழமை ஒரு போலீஸ்காரன் தபாலாபீசுக்கு வந்து என் ரேடியோ லைசென்சைக் கேட்டுட்டுப் போயிருக்கான். போஸ்ட்மாஸ்டர் வந்து சொன்னாரு. வீட்டைச் சோதிக்க வருவாகன்னு ரெண்டு நாளா வாசலைப் பாத்துக்கிட்டு இருந்தோம். இவ அழுதுக்கிட்டே இருந்தா. நோட்டுல பீகிங் சொன்னதெல்லாம் என் கையெழுத்துல இருந்துச்சு. இன்னைக்குக் காலையிலதான் அடுப்புல போட்டேன். ஆறு நோட்டு.” என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லலைன்னு எனக்கு எப்படிய்யா தெரியும்? காரைக்குடியிலருந்து பஸ்ஸு ஓடலையா?”

அவர் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டது அது ஒரு தடவைதான்.

முதலாளி ஊரிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். ‘இல்லீங்க’ என்று நான் சொன்னதற்குத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. “அரை நிமிசத்துல யோசிச்சவனுக்கு நாலு நாள் பத்தலையாக்கும்” என்றார்.

தொழிலில் நீங்கள் யாரையாவது காப்பாற்ற நேரலாம். காப்பாற்றியதோடு பாதி வேலைதான் முடிகிறது. அவரிடம் போய் அதைச் சொல்வது மீதிப் பாதி. உங்கள் தவறையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும், அதனால்தான் கால் எழாது. எழாத காலை எழுப்பி பஸ்ஸில் ஏற்றுங்கள்.

சாரின் வேலைக்கு ஒன்றும் நேரவில்லை. சில மாதம் கழித்து அவர் பழையபடி கடைக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். ஆனால் பேசுவது குறைந்துவிட்டது. நோட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. எழுபத்தொன்றில் உலக நாடுகளின் சபையில் தைவான்காரர்களை வெளியே அனுப்பிவிட்டுப் பீகிங்குக்கு அந்த நாற்காலியைக் கொடுத்தபோதும் அவர் வாய் திறக்கவில்லை.

எழுபத்திரண்டு பிப்ரவரியில் அமெரிக்க ஜனாதிபதி பீகிங்கில் போய் இறங்கினார். செய்தி வந்தபோது சார் கருப்பையாவின் பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் ஒரு செட்டைக் கொடுக்க வந்து நின்றிருந்தேன். பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள். இது எப்படி நடந்தது, யாராவது நினைத்துப் பார்த்தோமா என்று ஆளாளுக்கு அதிசயப்பட்டார்கள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. பத்துப் பேர் முன்னால் வாயைத் திறந்தேன். “சார் ஏழெட்டு வருசத்துக்கு முன்னாலயே சொன்னாக. எங்க கடையில வச்சு. கருப்பையா, நீயும் இருந்த.”

“நானா?” என்றான் கருப்பையா. “எனக்கு ஞாபகம் இல்லைண்ணே.”

“நடந்த பெறகு நானும்தான் சொல்லுவேன்” என்று ஒருவர் சிரித்தார். இன்னொருவர் சாரைப் பார்த்து, “எங்கயாச்சும் எழுதி வச்சிருக்கீகளா சார்? இருந்தா காட்டுங்க, பேப்பர்ல போடுவாக” என்றார்.

சார் கிளாஸைக் கீழே வைத்தார். “எழுதுற பழக்கம் எனக்கு இல்லை” என்றார்.

அவர் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தபோது நானும் கூடவே நடந்தேன். பள்ளத்தூர் பஸ் வந்தது. சார் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் கிளம்பும்போது தலையை வெளியே நீட்டினார்.

“இனிமே அவனை யாரும் ஒதுக்கி வைக்க முடியாது. கொஞ்ச வருசத்துல உலகம் பூரா அவன்கிட்ட யாவாரத்துக்குப் போகும். நம்மளும் போவோம். நீ எழுதி வச்சுக்க.”

வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளில் எழுதினேன். தேதி போட்டேன். கீழே சாரின் பெயரைப் போட்டேன்.